அப்பாவின் டூல் பெட்டியைச் சீர் செய்த குறிப்புகள்

பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இப்போது முழுசாகத் திறந்து மூடுகிறது. நுண்ணிய கனம் அளக்கும் மைக்ரோமீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறது. எண்ணெய் ஊறிய பாக்கெட் நோட்டுகளின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்தாயிற்று. இவற்றை வைத்துத் தொகுத்த அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பு வீட்டில் எல்லார் கையிலும் இருக்கிறது. ஆரம்பித்தபோது பழைய கருவிகளைச் சுத்தம் செய்வது ஒரு வேலை, அப்பாவைப் பற்றி எழுதுவது வேறொரு வேலை என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வேலை இல்லாமல் இரண்டாவது நடந்திருக்காது. இப்படி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அப்பா டர்னர், அதாவது லேத் என்ற கடைசல் மெஷினில் உலோகத்தைச் சுழற்றிச் செதுக்குபவர். 34 வருடம் ஒரே தொழிற்சாலை, பெரும்பாலும் ஒரே லேத். வீட்டின் பின்பக்கம் சொந்தமாக ஒரு பெஞ்சும் வைஸும் உண்டு. ஷிப்டு முடிந்து வந்து தூங்கி எழுந்தால் அங்கேதான் நிற்பார். ஓய்வு பெற்றபின் பகல் முழுக்க அங்கேதான். அவர் போன பிறகு, பேரப்பிள்ளைகளுக்காக நாலு பக்கம் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். சொந்தக்காரர்களையும் அவருடன் வேலை பார்த்தவர்களையும் கேட்டேன்: "அப்பா எப்படிப்பட்டவர்?" நல்ல மனுஷன், உழைப்பாளி, யார் வம்புக்கும் போகமாட்டார். எல்லாரும் இதையே சொன்னார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த வரிகளில் அப்பாவின் முகம் தெரியவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

தொடுவதற்கு முன்

சுத்தம் செய்ய ஆரம்பிக்கும் முன் எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடி படமெடுத்துவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் ஆரம்பத்திலிருந்தே சரியாகச் செய்தேன். ஒவ்வொரு டிராயரையும் இழுத்து, உள்ளே எதையும் நகர்த்தாமல், ஓரத்தில் ஒரு ஸ்டீல் ரூல் வைத்து நேர் மேலிருந்து படம். பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து, நூலில் அட்டைத் துண்டு கட்டி, எந்த டிராயர், எந்த மூலை என்று எழுதினேன். பெட்டியில் எது எங்கே இருந்தது என்பதும் அவர் விட்டுப்போன எழுத்துதான். மேல் டிராயரின் வலது மூலையில் மைக்ரோமீட்டர், 6 அங்குல ஸ்டீல் ரூல், ஒரு சாக்குத் துண்டு. அடி டிராயரில், துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர்கள், எண்ணெய்த் தாளில் சுற்றியபடி. எது தினமும் கைக்கு வந்தது, எது எப்போதாவது வெளியே வந்தது என்று யாரையும் கேட்காமலே தெரிந்தது.

ஒன்றைத் தவிர எல்லாக் கருவியிலும் அவருடைய தொழிற்சாலை டோக்கன் நம்பர் 417, சுத்தியலால் அடித்து எண் பதிக்கும் பஞ்சில் அடித்திருந்தது. நாள்கணக்கில் பார்த்தும் எனக்குப் பிடிபடாத ஒன்றை என் அண்ணன் மகன் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: சில கருவிகளில் 7 முழுசாக இருக்கிறது, சிலவற்றில் அதன் கால் நுனி இல்லை. அந்த எண் பஞ்சின் முனை எப்போதோ உடைந்திருக்கிறது. அப்படியானால் முழு 7 உள்ளவை எல்லாம் உடைவதற்கு முன் வாங்கியவை, கால் இல்லாதவை பின்னால் வந்தவை. தேதி தெரியாத கருவிகளை இப்படி இரண்டு காலமாகப் பிரித்துவிட்டோம். சுழலும் கம்பி பிரஷ்ஷை வைத்துத் தேய்த்திருந்தால் இந்த அடையாளம் போயிருக்கும். துருவேறிய கருவியில் முதலில் தேட வேண்டியது பஞ்ச் குறிகளைத்தான். அவை இருக்கும் பக்கத்தில் மெஷின் பிரஷ், எமரித் தாள் இரண்டும் வேண்டாம்.

ஒரு கருவியில் மட்டும் வேறு நம்பர் இருந்தது, 388. ஒற்றைக் கால் காலிப்பர், விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவி. அவருக்கு லேத் வேலை கற்றுக்கொடுத்த பெரியவருடையது என்று பின்னால் தெரிந்தது. தான் ஓய்வு பெறும்போது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா அதன்மேல் தன் நம்பரை அடிக்கவில்லை.

வைஸ்

4 அங்குல வார்ப்பிரும்பு வைஸ். திருகினால் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்து நின்றுவிடும். துருதான் காரணம் என்று முடிவு கட்டினேன். ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க வைத்து, மறுநாள் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி ஸ்க்ரூவை வெளியே எடுத்தேன். தீ காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். வார்ப்பிரும்பை ஒரு பக்கம் மட்டும் சூடாக்கினால் விரிசல் விடக்கூடும், அதனால் வேண்டாம் என்றேன்.

ஸ்க்ரூ, ஹேண்டில், போல்ட்டுகள் ஆகியவற்றுக்கு மின்சாரத்தில் துரு நீக்கினேன். பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் தண்ணீர், 5 மேஜைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனை துருப்பிடித்த பொருளில், பிளஸ் முனை ஒரு வீணான இரும்புத் தகட்டில். இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் கருவிதான் கரையும். தகடு சாதாரண இரும்பாக இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் அதிலுள்ள குரோமியம் நச்சுக் கலவையாகத் தண்ணீரில் சேரும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டும். தகடு எந்தப் பக்கத்தை நேராகப் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் வேகமாகத் துரு விடும், நடுவில் திருப்பி வைத்தேன். எடுத்தபின் மேலே கரிய பொடி மாதிரி ஒரு படலம் இருக்கும். தண்ணீரிலேயே நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். உடனே சூடான காற்றில் உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் கண்ணெதிரே செம்மை படரும்.

வைஸின் உடம்பைத் தொட்டியில் போடவில்லை. சோடாத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து பெயின்டை உரித்துவிடும். அந்தப் பழைய பச்சைப் பெயின்ட் அப்படியே இருக்கட்டும் என்று மண்ணெண்ணெயில் துடைத்ததோடு சரி. கடினப்படுத்திய மெல்லிய கருவிகள், ஸ்பிரிங்குகள், அளவுக் கருவிகள் எதையும் இந்த முறையில் செய்யக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே போய் எஃகு நொறுங்கும் தன்மை அடையும்.

ஸ்க்ரூ பளிச்சென்று வந்தது. மாட்டினேன். அதே இடத்தில் நின்றது.

ஸ்க்ரூ வளைந்திருக்குமோ என்று கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பார்த்தேன். நேராக இருந்தது. ஹேண்டில் கம்பியும் நேர்தான். இத்தனை வருடம் புழங்கிய வைஸில் ஹேண்டில் வளையாமல் இருப்பது அபூர்வம். குழாயைச் சொருகி நெம்புகிறவர், சுத்தியலால் அடித்து இறுக்குகிறவர் கையில் இருந்திருந்தால் வளைந்திருக்கும், முனைக் குமிழும் சிதைந்திருக்கும். அப்பா உள்ளங்கை பலத்துக்கு மேல் எதையும் இறுக்கியதில்லை என்று எழுத எனக்கு அந்தக் கம்பியே சாட்சி.

உண்மையான காரணம் நகரும் தாடையின் அடியில் இருந்தது. அது சறுக்கும் காடியின் உள்மூலையில் பழைய கிரீஸும் அரப்பொடியும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் சிலாகையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். குப்பை என்று கொட்டப்போன கையை நிறுத்திவிட்டு வெள்ளைத் தட்டில் பரப்பினேன். காந்தத்தைத் துணியில் சுற்றிக் காட்டியதும் இரும்புப் பொடி எழுந்து வந்தது. மிச்சத்தில் மஞ்சளாகப் பித்தளை, வெளுப்பாக அலுமினியம், மரத்தூள். நடுவே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சீவல், நகத்துண்டு அளவு. தங்கை பார்த்ததும் சொல்லிவிட்டாள்: அவளுடைய பென்சில் பெட்டியின் கீல் உடைந்தபோது அப்பா வைஸில் வைத்து அறுத்து, கம்பி கோத்துச் சரி செய்து கொடுத்தார். பள்ளி முடிக்கும் வரை அதே பெட்டிதான்.

அந்தப் பொடிகளைத் தனித்தனியாகச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் வைத்திருக்கிறேன். இரும்பு, சைக்கிள் பெடல் தண்டை இறுக்கும் காட்டர் பின்னுக்கு அரம் போட்டதாக இருக்கலாம். பித்தளை, குழாயின் ஸ்பிண்டிலாக இருக்கலாம். மரம், தம்பியின் பம்பரம் அல்லது அம்மாவின் தையல் மெஷின் டிராயர். இதில் எது எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் காடிக்குள் இருந்தது முழுக்க முழுக்க எங்கள் வீட்டுச் சாமான்கள்.

ஸ்க்ரூவின் தேய்மானத்தையும் அளந்தேன். சதுர மரை; பிட்ச், அதாவது ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம், 6 மி.மீ. புழங்காத முனையில் பல்லின் கனம் 2.9 மி.மீ., புழங்கிய பகுதியில் 2.1 மி.மீ. வைஸ் 10 முதல் 25 மி.மீ. வரை திறந்திருக்கும்போது நட்டுக்குள் வரும் பகுதிதான் இப்படித் தேய்ந்திருக்கிறது. அதாவது பெரிய ஜாப் (செய்ய எடுத்த பொருள்) எதுவும் இங்கே ஏறவில்லை, பெரியதெல்லாம் தொழிற்சாலையில். வீட்டில் சின்னச் சின்ன ரிப்பேர்தான் விடாமல் நடந்திருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பினால் கால் சுற்று ஆடும், சுமார் 1.5 மி.மீ. புது நட் போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். வைஸில் இறுக்கம் ஒரே திசையில் விழுவதால் இந்த ஆட்டம் வேலையைக் கெடுக்காது. கனமாக இறுக்காமல் இருந்தால் போதும்.

பெஞ்சின் உயரம்

வைஸை எடுக்கும் முன் தரையிலிருந்து அதன் தாடை மேல்விளிம்பு வரை அளந்து வைத்திருந்தேன்: 104 செ.மீ. அரம் போடுகிறவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கை உயரத்தில் தாடை இருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. ஆகவே அது அப்பாவின் முழங்கை உயரம். புகைப்படங்களில் உட்கார்ந்திருப்பார், அல்லது கூட்டத்தில் நிற்பார். அவர் எவ்வளவு உயரம் என்று தெரியாத பேரப்பிள்ளைகள் இப்போது பெஞ்ச் பக்கத்தில் நின்று தங்கள் முழங்கையை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பெஞ்சுக்கு அடியில் ஒரு பலகை மணை கிடந்தது. உயரம் 22 செ.மீ. நாலு காலும் அடியில் ரப்பர் வைத்து ஆணியடித்தவை. மேலே வழுக்காமல் இருக்கக் கோணிச் சாக்கு ஒட்டியிருந்தது. அது எனக்காகச் செய்தது. நான்காவது படித்தபோது நானும் அரம் போடுகிறேன் என்று அடம்பிடித்தேன். வைஸ் எனக்கு நெஞ்சுக்கு மேலே இருந்தது. அப்பா என்னை நேராக நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, ஸ்டீல் டேப்பால் அளந்தார். 104-இல் 82-ஐக் கழித்தால் 22. நின்றதும் அளந்ததும் நினைவிருக்கிறது, எவ்வளவு என்பது மறந்துபோயிருந்தது. மணையைத் திருப்பியபோது அடிப்பலகையில் பென்சிலால் அந்தக் கழித்தல் இருந்தது. அந்தப் பென்சில் எழுத்தைத் துடைக்காமல், மேலே எதுவும் பூசாமல் விட்டிருக்கிறேன்.

மைக்ரோமீட்டரும், அதைக் கையில் கொடுத்ததும்

0–25 மி.மீ. மைக்ரோமீட்டர். ஸ்க்ரூவின் பிட்ச் 0.5 மி.மீ., சுற்றும் திம்பிளில் 50 கோடு, ஆகவே ஒரு கோடு 0.01 மி.மீ. மூடினால் பூஜ்யத்துக்குப் பதில் 0.03 காட்டியது. சுத்தமான வெள்ளைத் தாளை இரண்டு முகங்களுக்கும் நடுவே வைத்து, லேசாக மூடி, மெதுவாக இழுத்தேன். தாளில் கறுப்புக் கோடு விழுந்தது. கோடு விழாத வரை இதையே திரும்பச் செய்ததும் 0.01-க்கு வந்தது. மிச்சத்தைக் கொக்கி ஸ்பேனரால், சுற்றாமல் நிற்கும் உள்குழாயான ஸ்லீவை ஒரு மயிரிழை திருப்பிச் சரி செய்தேன். பெட்டியில் அது முகங்கள் ஒட்டாமல் இடைவெளி விட்டு வைக்கப்பட்டிருந்தது. மூடி வைத்தால் முகங்கள் ஒட்டி அரிக்கும், வெயிலில் விரிந்தால் நெருக்கும். எடுத்து வைக்கிறவர்கள் அந்த இடைவெளியை மறக்கக் கூடாது.

இந்த மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்து மெஷினில் வேலை பார்த்தவரைப் போய்ப் பார்த்தேன். முன்பு கேட்டபோது "தங்கமான மனுஷன்மா" என்று முடித்துக்கொண்டவர். இந்த முறை கேள்வி எதுவும் கேட்காமல் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தேன். வாங்கியதும் அவர் கை தானாகவே ஃபிரேமை உள்ளங்கையில் அணைத்து, சுண்டுவிரலை அதன் வளைவில் மாட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் திம்பிளில் வைத்தது. பிறகு நிறுத்தி, சுண்டுவிரலை எடுத்துவிட்டு மோதிரவிரலை மாட்டினார்.

"உங்கப்பா இப்படித்தான் பிடிப்பார்மா. சுண்டுவிரல் மடங்காதே அவருக்கு."

அதிலிருந்து பேச்சு நிற்கவில்லை. விரல் எப்படி மடங்காமல் போனது என்பதில் இரண்டு கதை உண்டு. லேத்தில் சுருள் பிசிறு அறுத்தது என்கிறார் அவர். வீட்டில் கதவு மாட்டும்போது நசுங்கியது என்கிறார் அம்மா. இரண்டையும் யார் சொன்னது என்ற பெயரோடு எழுதியிருக்கிறேன்.

அன்றைக்குக் கிடைத்ததில் எனக்குப் பெரியது வேறு. "சூடா இருக்கிற ஜாபை அளக்கவே மாட்டார்மா. கழட்டி வெச்சுட்டு அடுத்ததை மாட்டுவார். சூப்பர்வைசர் வந்து ஏன் செக் பண்ணலைன்னு நின்னாலும் 'ஆறட்டும் சார்'ன்னுட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீள அளவுகளுக்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) விரியும். 100 மி.மீ. விட்டமுள்ள தண்டு 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கிட்டத்தட்ட 35 மைக்ரான் பெரிதாகத் தெரியும். அந்த அளவுத் தண்டை ஒரு பேரிங்கில் சரியாகப் பொருத்த, அனுமதிக்கும் மொத்த வேறுபாடே சில சமயம் 22 மைக்ரான்தான். சூட்டில் அளந்து சரி என்று விட்டால் ஆறியபின் சிறுத்துவிடும். சூப்பர்வைசரைக் காக்க வைத்ததற்கு இதுதான் காரணம்.

அண்ணன் பரீட்சையில் தவறிய அன்று அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இதையும் ஜாபை அளக்காமல் வைத்ததையும் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்திருக்கிறேன். நடுவில் நான் விளக்கம் எழுதவில்லை.

இதன்பிறகு யாரிடம் போனாலும் கருவியோடுதான் போனேன். "எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். "இதை எப்படிப் பிடிப்பார், எங்கே வைப்பார், யாருக்குக் கடன் கொடுப்பார்" என்று கேட்டால் ஆளே வந்து நிற்பார். பேச்சைக் கைபேசியில் பதிவு செய்தேன். கூடவே அவர்கள் கருவியைப் பிடிக்கும் கையைப் படமெடுத்தேன். முகத்தைப் படமெடுத்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

பாக்கெட் நோட்டுகள்

சட்டைப்பை அளவு நோட்டுகள், பென்சில் எழுத்து, மெஷின் எண்ணெய் ஊறிய தாள். எண்ணெய்த் தாளில் ஒரு சிக்கல்: மறுபக்க எழுத்தும் சேர்ந்து தெரியும். அடியில் வெள்ளைத் தாள் வைத்து எடுத்த படங்களில் இரண்டு பக்கமும் குழம்பி, ஒன்றும் படிக்க முடியவில்லை. கறுப்புத் தாள் வைத்ததும் பின்பக்கம் மறைந்தது. முதலில் எடுத்ததையெல்லாம் மறுபடி எடுத்தேன். விளக்கு மேலிருந்து நேராக விழுந்தால் பென்சில் பளபளக்கும். இருபுறமும் 45 டிகிரி சாய்வில் இரண்டு விளக்கு வைக்க வேண்டும். எழுத்து மங்கிய பக்கங்களுக்கு ஒரு விளக்கை அணைத்து, மற்றதைத் தாளோடு தாளாகத் தாழ்த்தினால் பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். நோட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள், முதுகுத் தையல் விட்டுவிடும்.

முதல் நோட்டு நிறைய கியர் கணக்கு. 127 என்ற எண் பல பக்கங்களில் இரண்டு கோடு போட்டு நிற்கிறது. அவருடைய லேத்தில் மரை வெட்டும்போது வெட்டும் உளியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு, அங்குலத்துக்கு 4 மரை, அதாவது 6.35 மி.மீ. பிட்ச். அதில் 1.5 மி.மீ. பிட்ச் மரை வெட்ட வேண்டுமானால் 1.5-ஐ 6.35-ஆல் வகுக்க வேண்டும், விடை 30/127, இதுதான் மாட்ட வேண்டிய கியர்களின் விகிதம். 1959-இல் நாடுகள் கூடி ஒப்புக்கொண்டபடி அங்குலம் என்பது சரியாக 25.4 மி.மீ.; 25.4-ஐ 5-ஆல் பெருக்கினால் 127. அதனால்தான் அங்குல லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டவர் இதைத் தானே பின்னமாகச் சுருக்கி, அடித்து, திரும்பப் போட்டு, கடைசியில் கோடு போட்டிருக்கிறார். பெட்டியில் மரைப் பல்லின் கோணத்தை ஒத்துப்பார்க்கும் மரை கேஜ் இரண்டு இருந்ததற்கும் அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. ஒன்று 55 டிகிரி, 1841-இல் விட்வொர்த் வகுத்த பழைய அங்குல மரைக்கு. மற்றது 60 டிகிரி, மெட்ரிக் மரைக்கு. முன்னதில் 7 முழுசு, பின்னதில் கால் இல்லை.

பிற்கால நோட்டுகளில் வேலையும் வீடும் ஒரே பக்கத்தில் வருகின்றன. ஷிப்டு, ஜாப் எண்ணிக்கை, ஓ.டி. மணி. அதற்குக் கீழேயே தம்பியின் காய்ச்சல் அளவு, ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி, அம்மாவின் கண்ணாடி பவர். வாரத்துக்கு ஒரு ஷிப்டு என்று மூன்று ஷிப்டும் சுற்றி வந்ததால், ஒரு தேதியும் ஷிப்டும் தெரிந்தால் மற்ற வாரங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்படி ஒரு அட்டவணை போட்டு, வீட்டின் முக்கியமான நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று குறித்தேன். விடுமுறை, ஆள் மாற்றம் எல்லாம் குறுக்கே வரும் என்பதால் நோட்டில் நேரடியாக எழுதியிருக்கும் நாட்களை மட்டும் மையில் எழுதினேன், கணக்கிட்டவை பென்சிலில்.

நான் பிறந்த நாள் என் அட்டவணையில் மையில் இருக்கிறது. நோட்டில் அன்றைக்கு இப்படி (புஷ் என்பது தண்டு சுழல்வதற்கான உலோக வளையம்): "இரவு. புஷ் 40. 38 ஓகே, 2 ரிஜெக்ட். காலை 7.10 பெண். 2.9 கிலோ." அந்த நோட்டில் ரிஜெக்ட் என்று வரும் பக்கங்கள் மிகக் குறைவு.

காசெட்

ஓய்வு பெற்ற அன்று யாரோ பதிவு செய்த 60 நிமிடக் காசெட். டேப்பைத் தலையோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு கழன்று விழுந்திருந்தது. ஐந்து திருகைக் கழற்றி, டேப்பை அப்படியே வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றினேன். ஓட்டும் முன் முழுசாக ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி, பிளேயர் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் கணினிக்கு எடுத்தேன். இரைச்சல் நீக்கிய பிரதியில் குரல் தகரமாகிவிட்டது. பின்னால் ஓடும் மெஷின் சத்தமும் போய்விட்டது. மூலப் பதிவைத்தான் எல்லாருக்கும் கொடுத்தேன்.

அதில் அப்பா பேசுவது நாலே வரி, அதையும் கத்திப் பேசுகிறார். மேடையில் கூச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கூட வேலை பார்த்தவர்களும் அதே காசெட்டில் கத்தித்தான் பேசுகிறார்கள். ஓயாத இரைச்சலில் வேலை செய்பவர்களுக்குக் கேட்கும் திறன் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் குறைய ஆரம்பிக்கும். ச, ஸ, த போன்ற மெல்லிய ஒலிகளும், குழந்தைகளின் கீச்சுக் குரலும் முதலில் போகும். ஆண்களின் கட்டைக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்ற வரம்பு இதற்காகத்தான் வந்தது. சிறுவயதில் நாங்கள் கூப்பிட்டால் அப்பா திரும்ப மாட்டார், பக்கத்து வீட்டு மாமா கூப்பிட்டால் திரும்புவார். அது எங்கள் மனதில் நெடுநாள் இருந்த வருத்தம். புத்தகத்தில் இந்தப் பக்கத்தை எழுதியபின் தங்கைக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன்.

தொகுத்ததும் செலவும்

ஒவ்வொரு கருவிக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். இடப்பக்கம் படமும் அளவும், வலப்பக்கம் அதன் வழியாகத் தெரிந்துகொண்டது. கண்ணால் பார்த்தது, ஒருவர் சொன்னது, நான் ஊகித்தது மூன்றையும் ஓரத்தில் வெவ்வேறு குறியிட்டுப் பிரித்தேன். இல்லாவிட்டால் இன்னும் இருபது வருடத்தில் என் ஊகமும் அவர் வாழ்க்கையாகிவிடும். பிறந்தது, சேர்ந்தது, திருமணம், ஓய்வு ஆகிய தேதிகள் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில்.

செலவு என்று பார்த்தால் துரு நீக்கியதற்கு அநேகமாக எதுவும் இல்லை. தொட்டி வீட்டிலிருந்தது, சார்ஜர் கடன் வாங்கியது. பணம் போனது அச்சடிப்பதற்கும், நோட்டுகளை வைக்க வாங்கிய அமிலமில்லாத அட்டைப் பெட்டிக்கும்தான். அந்தப் பெட்டியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரண அட்டையில் தாள் சீக்கிரம் பழுத்துவிடும். நேரம் அதிகம் பிடித்தது பதிவுகளைக் கேட்டு எழுதுவதற்கு.

மறுபடி செய்வதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் மனிதர்கள், பிறகு நோட்டு, காசெட், கடைசியில் இரும்பு. நான் வைஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அப்பாவோடு சேர்ந்து வேலைக்குச் சேர்ந்த ஒருவர் பேச முடியாத நிலைக்குப் போய்விட்டார். அவர் வீட்டுக்குக் காலிப்பரை எடுத்துக்கொண்டு போனேன், வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார். இன்னொன்று, கையில் எடுத்துப் பார்க்கப்போகும் கருவிகளுக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகு பூசியிருக்கலாம். பிள்ளைகள் எடுத்துவிட்டு அப்படியே புத்தகத்தையும் புரட்டுகிறார்கள்.

அடையாளம் தெரியாத ஒரு சாமான் பாக்கி இருக்கிறது. பித்தளை வளையம். வெளிவிட்டம் 38.10 மி.மீ., உள்விட்டம் 25.42 மி.மீ., கனம் 6.35 மி.மீ. எல்லாம் அங்குலக் கணக்கு: ஒன்றரை அங்குலம் வெளியே, ஒரு அங்குலத் தண்டு சுழலக் கொஞ்சம் இடம் விட்டு உள்ளே, கால் அங்குலக் கனம். ஒரு பக்கம் விளிம்பிலிருந்து 3 மி.மீ. அகலத்தில் நேர்க்காடி, எதிர்ப்பக்கத்தில் இல்லை. நம்பர் 417, 7 முழுசு, ஆகவே ஆரம்ப காலத்தது. தேய்மானமே இல்லை, எங்கேயும் மாட்டிப் புழங்கியதாகத் தெரியவில்லை. கற்றுக்கொண்டபோது சோதனைக்காகச் செய்த ஜாப் என்பது என் ஊகம், அதை ஊகக் குறியோடுதான் எழுதியிருக்கிறேன். லேத்தில் வேலை பார்த்தவர்கள் யாருக்காவது இந்த அளவுகள் பழக்கப்பட்டவையாகத் தோன்றினால் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தின் வலது பாதியைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.